உயிர்மெய்யில் ஒரு ராக்

ஜப்பானிய ராக் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "ஜப்பானிய மொழியில் முதன்முதலாக ராக் பாடியது ஹப்பி எண்ட் குழு" என்று ஆரம்பித்துவிடுகிறார். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு. அவர்களுக்கு முன்பே ஸ்பைடர்ஸ் மாதிரியான குழுக்கள் பாடிவிட்டன, 1968ல் ஜாக்ஸ் என்ற குழு ஒரு முழு ஆல்பமே போட்டுவிட்டார்கள். எல்லாம் இந்த நான்கு பேரிடமிருந்துதான் தொடங்கியது என்று எழுதுகிற பழக்கத்துக்கு ஜப்பானிலேயே 'ஹப்பி எண்ட் வரலாற்றுப் பார்வை' என்று ஒரு கிண்டல் பெயர் இருக்கிறது. கிண்டல் நியாயமானதுதான். ஆனாலும் அந்த நால்வர் ரொம்ப முக்கியமானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, காரணம்தான் வேறு.

முதலில் மொழியைப் பார்க்கணும். ஜப்பானியில் ஏறக்குறைய எல்லாமே உயிர்மெய். நம் மெய்யெழுத்து போலத் தனியாக நிற்பது 'ன்' ஒன்றுதான் என்றே சொல்லலாம். ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் முடியும் 'ஸ்ட்ரைக்' அங்கே போனால் சு-தொ-ரா-இ-கு என்று ஐந்து தட்டாகிவிடும். ஒரு தாளத்துக்கு ஒரு சொல் என்று அடித்துக்கொண்டு போகும் ராக் மெட்டில் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இது வெறும் இலக்கணப் பிரச்சினையாக இருக்கவில்லை, பெரிய சண்டையே நடந்தது. 1971 ஏப்ரலில் 'நியூ மியூசிக் மேகசின்' ஜப்பானிய ராக் விருதை ஹப்பி எண்டின் முதல் ஆல்பத்துக்குக் கொடுத்தது. அடுத்த மாத இதழிலேயே வட்டமேசை விவாதம். எதிர்ப்பக்கம் பாடகரும் தயாரிப்பாளருமான யூயா உச்சிதா. ஜப்பானியச் சொற்கள் ராக் தாளத்தில் உட்காராது, உலகத்துக்குப் போகணும் என்றால் ஆங்கிலத்தில் பாடு என்பது அவர் கட்சி. அவரை இப்போது வில்லனாக்குவது சுலபம், நான் செய்யமாட்டேன். அவர் வளர்த்த ஃப்ளவர் ட்ராவலின் பேண்ட் கனடா வரை போய் வாசித்தது, அவர்களுடைய 'சட்டோரி' ஆல்பம் இன்றைக்கும் சும்மா அதிரும். அவர் சொன்ன சிக்கல் உண்மையான சிக்கல். ஹப்பி எண்ட் அதற்கு வாயால் பதில் சொல்லி ஜெயிக்கவில்லை, பாட்டால்தான் சொன்னார்கள்.

அந்த முதல் ஆல்பத்தின் (1970, அட்டைப்படத்தில் ஒரு நூடுல்ஸ் கடைப் பலகை இருப்பதால் எல்லோரும் அதை 'யுதேமென்' என்றே கூப்பிடுகிறார்கள்) முதல் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கிட்டார் அமெரிக்க ராக் குழுவான பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி உறுமுகிறது. பாட்டின் விஷயமோ, புத்தாண்டுக்கு வீட்டில் எல்லோரும் கணப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சூப் குடித்துச் சீட்டு விளையாடுவோமே என்று தனியாகக் கிடக்கும் ஒரு பையனின் நினைப்பு! பாடும் எய்ச்சி ஓட்டாகி சொற்களை அவை முடிகிற இடத்தில் முடிப்பதில்லை. பாதியில் உடைத்து, ஓர் அசையை இழுத்து, மிச்சத்தை அடுத்த தாளத்தில் தள்ளிவிடுகிறார். அந்த உடைப்பில்தான் உயிர்மெய் ராக்கில் உட்கார்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டு எழுதியவர் குழுவின் டிரம்மர் தகாஷி மட்சுமொட்டோ. தாளம் தட்டுகிறவனே சொல்லையும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டாவது ஆல்பமான 'கசெமச்சி ரோமன்' (1971 நவம்பர்) முழுக்க ஒரு 'காற்று நகரம்' வருகிறது. 1964 ஒலிம்பிக்குக்காகவும் அதற்குப் பிறகும் டோக்கியோவை வெட்டிக் கொத்தி, டிராம் தண்டவாளங்களைப் பிடுங்கிப் போட்ட காலம் அது. அவோயாமா, ஷிபுயா, அசாபு பக்கம் தான் பார்த்து வளர்ந்த ஊரை அவர் காகிதத்தில் திரும்பக் கட்டிக்கொண்டார். அதில் 'நட்சு நான்தெசு' என்று ஒரு பாட்டு. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'வெயில் காலமுங்க' என்று வரும். ராக் பாட்டில் மரியாதை விகுதி! கத்துவதற்கென்றே பிறந்த இசையில் பணிவாக ஒரு 'ங்க' போட்டுவிட்டு, ஹருவோமி ஹொசோனோ அந்தத் தாழ்ந்த குரலில் சோம்பலாகப் பாடிக்கொண்டு போகிறார்.

அப்போது பெரிதாக விற்கவில்லை. 1972ல் லாஸ் ஏஞ்சலஸ் போய் மூன்றாவது ஆல்பத்தைப் பதிந்தார்கள், அதில் அமெரிக்க இசைக்கலைஞர் வான் டைக் பார்க்ஸோடு ஒரு பாட்டு, அந்த ஆல்பம் வெளிவருவதற்குள் குழுவே கலைந்தாயிற்று. எனக்கு அந்த மூன்றாவது ஆல்பம் அவ்வளவு ஒட்டவில்லை, ரசிகர்கள் மன்னிக்கவும்.

அப்புறம் நடந்ததுதான் கதை. ஹொசோனோவும் கிட்டாரிஸ்ட் ஷிகெரு சுசுகியும் பாடகி யூமி அராயின் முதல் ஆல்பத்துக்கு வாசித்தார்கள். 1978ல் ஹொசோனோ, ரியூய்ச்சி சகமொட்டோ, யுகிஹிரோ தகஹாஷி மூவரும் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற மின்னணு இசைக் குழுவைத் தொடங்கினார்கள். பாடகர் டட்சுரோ யமஷிட்டாவின் முதல் குழு 1975ல் ஆல்பம் போட்டது ஓட்டாகியின் லேபிளில். ஓட்டாகியின் 'எ லாங் வெக்கேஷன்' ஆல்பம் 1981. மட்சுமொட்டோ சினிமாக்காரர்களே பொறாமைப்படும் அளவுக்கு ஹிட் பாட்டாசிரியர் ஆகி, பாடகி செய்கோ மட்சுடாவுக்கு எழுதித் தள்ளினார். யூடியூபில் ராத்திரி இரண்டு மணிக்கு 'சிட்டி பாப்' என்ற அந்தக் கால ஜப்பானிய நகரத்து பாப் இசையைக் கேட்டு உருகுகிறீர்களே, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இந்தக் கிணற்றிலிருந்து வந்தது.

உச்சிதா சொன்ன 'உலகம்' விஷயத்துக்கு வருகிறேன். சோஃபியா கொப்போலாவின் 2003 படம் 'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' பார்த்துத்தான் 'கசெமச்சி ரோமன்' ஆல்பத்தின் 'கசே வோ அட்சுமெதே' பாட்டை ஜப்பானுக்கு வெளியே நிறைய பேர் முதலில் கேட்டார்கள், நானும் அதில் ஒருவன். ஒரு சொல் புரியவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன்.

ஓட்டாகி 2013 டிசம்பர் 30 அன்று போய்விட்டார். கேட்கப்போகிறவர்கள் 'கசெமச்சி ரோமன்' ஆல்பத்தில் தொடங்குங்கள், காலையில், பாட்டு வரிசையை மாற்றாமல். யுதேமென் அதற்கப்புறம். முதலிலேயே அதைப் போட்டால் பாதிப்பேர் ஓடிவிடுவீர்கள்.