கால்சியம் 14-ஐத் தாண்டியபின் பாலை நிறுத்துவது சிகிச்சை ஆகாது
கோத்தகிரியிலுள்ள தம் மாமியாருக்கு இரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 14.6 மில்லிகிராம் என்று எழுதிய சகோதரிக்கு, பாலை நிறுத்தி, நீர் பிரியும் மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடும் என்று மேலே ஒருவர் கூறியிருப்பது ஆபத்தான அறிவுரை. இவ்வளவு உயர்வுக்குப் பெரும்பாலும் காரணம் பாராதைராய்டு சுரப்பியின் (கழுத்திலிருந்து இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது) கோளாறோ புற்றுநோயோதான், பால் அன்று. சிறுநீர் மிகுதியாகப் பிரிந்து உடல் ஏற்கெனவே வறண்டிருக்கும் என்பதால், முதலில் நரம்பு வழியாகச் சலைன் ஏற்றுவார்கள். நீர் பிரியும் மருந்துகளில் ஃபுரோசமைடு, உடலில் நீர் தேங்கினால் மட்டுமே உதவும், தையசைடு வகை மாத்திரையோ (இரத்த அழுத்தத்துக்குப் பலர் விழுங்குவது இதைத்தான்) கால்சியத்தை மேலும் ஏற்றிவிடும். கால்சியத்தைக் குறைக்கும் கால்சிடோனின் ஊசி சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கும் சோலட்ரானிக் அமிலத்தின் பலன் நன்கு தெரிய 2 முதல் 4 நாள் ஆகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தருவதுண்டு. ஓயாத தாகம், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவற்றுடன் பேச்சும் தடுமாறினால், பனிமூட்டம் விலகட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.