லண்டனில் இருப்பது வற்றாப்பளை அம்மன் அல்ல

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் திரும்பவும் வந்துவிடும். "1803இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த வெள்ளைக்காரன் கொண்டுபோன வற்றாப்பளைக் கண்ணகியின் தங்கச்சிலை, லண்டனில்!" பண்டாரவன்னியன் என்பவர் வன்னியை ஆண்ட கடைசி மன்னர். இம்முறை எனக்கு ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் சின்னம்மா.

படம் உண்மை, கதைதான் பிழை. அது பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள தாரா சிலை. பௌத்தர் வணங்கிய பெண் தெய்வம், 8ஆம் நூற்றாண்டளவில் வார்த்தது. கிடைத்தது வன்னியில் அல்ல, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில். 1830இல் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் இலங்கையின் முன்னாள் பிரித்தானிய ஆளுநர் ரொபர்ட் பிரவுண்றிக். அவர் இங்கு ஆளுநராக வந்ததே 1812இல்.

தங்கச்சிலையும் அல்ல. செப்புக் கலவையில் வார்த்து, மேலே பொன்முலாம் பூசியது. உயரம் 143 சென்ரிமீற்றர். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலக்கை வரம் தரும் முத்திரையில் கீழே இறங்கி நிற்கிறது, இடக்கை வெறுமையாக இருக்கிறது. சிலம்பு எங்கே?

முல்லைத்தீவுக் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் 1803ஆம் ஆண்டுத் தோல்வியைச் சொல்லும் நடுகல் நாட்டப்பட்டது. அதில் சிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாராவின் விபரம் அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்புப் பட்டியலில் யாரும் பார்க்கலாம். தேட வேண்டிய எண் 1830,0612.4.

கிழக்கின் சிலை கடல் கடந்து போனது நியாயமா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். சின்னம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.