“புற உலகச் சிந்தனையற்றவன்” என்ற சொல்லைப் பற்றி

போன ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும், ஆட்டிசம் உள்ள, ஒன்பது வயதான என் தங்கை மகன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் நடையில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ரயில் நிலைய அறிவிப்பின் அதே ராகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அட்சதையும் கையுமாக நின்ற உறவினர் ஒருவர் என் தங்கையிடம், “செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே. ஒரு அதட்டு அதட்டினா சரியாயிடும்” என்றார். தங்கை பதில் சொல்லாமல் வாசலுக்குப் போய் அவனுடைய செருப்பை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் மாட்டிக்கொண்டான், அறிவிப்பு நின்றது. ‘கிளம்பலாம்’ என்பதற்கு அவனிடம் இருக்கும் வாக்கியம் அதுதான்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இந்த வழக்கத்தை எக்கோலாலியா என்பார்கள். பொருளற்ற கிளிப்பேச்சு என்று கருதி அதை அடக்கப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 1980களில் பாரி பிரிசாண்ட் போன்ற பேச்சு ஆய்வாளர்கள், அந்தத் திருப்பிச் சொல்லலுக்குள் கேட்பது, மறுப்பது, தன்னைத்தானே ஆற்றிக்கொள்வது என்று பல வேலைகள் நடக்கின்றன என்பதைக் கவனித்து எழுதினார்கள்.

நம் அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்றொரு தொடர் உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் உட்கார்ந்திருந்த அந்தக் கல்யாண மண்டப நடைதான் நினைவுக்கு வருகிறது. டியூப் லைட் சோக்கின் மெல்லிய இரைச்சல், பக்கத்து வீட்டு மிக்ஸி, புதுச் சட்டையின் கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் துணித்துண்டு என்று நாம் கவனிக்காமலே கடந்துவிடுகிற எல்லாமே அவனை வந்து தாக்குகின்றன. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுகிற ஒரு பிள்ளைக்கு, அந்த உலகத்தைப் பற்றிய சிந்தனையே இல்லை என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த மனநல மருத்துவர் லியோ கான்னர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக விவரிக்கப்பட்டது. அதில் முதல் குழந்தை மிசிசிப்பியைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். மூன்று வயதில் ஒரு காப்பகத்தில் விட்டு, பின்னர் பெற்றோரே திரும்ப அழைத்து வந்த அந்தச் சிறுவனை, ஏறத்தாழ ஒன்பது வயதில் ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியிடம் தங்க வைத்தார்கள். எதையும் அளந்துகொண்டே இருந்தவனைக் கிணறு வெட்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்ல வைத்தார்கள்; மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தவனை, உழுதுகொண்டே எண்ணச் செய்தார்கள். பின்னாளில் அவர் கல்லூரிப் பட்டம் பெற்று, உள்ளூர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் விளையாடி, 2023இல் 89 வயதில் காலமானார். குடும்பத்துக்கு வசதி இருந்தது, வங்கியில் பங்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எந்தப் படிப்பும் சொல்லிக் கொடுக்காத ஒன்றை அந்த விவசாயிகள் செய்தார்கள் என்றே நினைக்கிறேன். எண்ணுவதை நிறுத்து என்று அவர்கள் சொல்லவில்லை.

அதே கான்னர், அந்தப் பெற்றோர்களிடம் பாசத்தின் வெதுவெதுப்பு குறைவு என்றும் எழுதினார். அதை உளவியலாளர் ப்ரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் ஊதிப் பெருக்க, பிள்ளையின் ஆட்டிசத்துக்குப் பாசமற்ற தாயே காரணம் என்ற ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ பழி ஒரு தலைமுறைத் தாய்மார்களின் தலையில் விழுந்தது. ஆட்டிசம் கொண்ட மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், இதன் வேர் உடலியலில் இருக்கிறது என்று 1964இல் புத்தகம் எழுதி வாதாடினார். மரபணுக்களின் பங்கு பெரிது என்பது இன்று தெளிவான செய்தி. ஆனால் நம் வீட்டு விசேஷங்களில் பழி ஆளை மாற்றிக்கொள்ளவில்லை, காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது: வேலைக்குப் போகிறாள், கையில் போனைக் கொடுத்துவிட்டாள், செல்லம் கொடுத்துவிட்டாள். அப்பனை யாரும் கேட்பதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு அனுமானமும் உண்டு. “இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்குக் கணக்கு பிரமாதமா வருமாமே?” என்று ஆசையோடு கேட்பவர்களிடம், அவனுக்குக் கணக்கு வராது, முறுக்கு பிடிக்கும் என்று சொன்னால் ஏமாந்து போகிறார்கள். மேதையாக இருந்தால்தான் மன்னிப்போம் என்பது எனக்கு அதட்டச் சொன்னவரின் பேச்சைவிடக் கசப்பாக இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கப் போனால், ஊனம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகை ஊனங்களுள் ஒன்றாகச் சேர்த்தது நல்ல காரியம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லவே இல்லை. சலுகைகள் பலவற்றுக்கும் 40 சதவீதம் என்ற கோடு தேவைப்படுவதும் புரிகிறது. ஆனால் அந்த எண்ணைக் கொண்டு, இவனுக்கு எவ்வளவு புரியும் என்று உறவினர்கள் கணக்குப் போடுவதுதான் புரியவில்லை.

அந்தக் கணக்கை நானும் போட்டவன். இரண்டு வருடங்களுக்கு முன், அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, பள்ளி மாற்றுவதைப் பற்றி நண்பரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். “இவனுக்கு ஒண்ணும் புரியாது, எங்க சேர்த்தாலும் ஒண்ணுதான்” என்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை. நான்கைந்து மாதம் கழித்து, நான் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, அவன் அதே கட்டைகளை அடுக்கிக்கொண்டே, என் குரலில், என் இழுவையோடு, “இவனுக்கு ஒண்ணும் புரியாது” என்றான். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போதும் எப்போதாவது அதைச் சொல்கிறான். என்ன கேட்பதற்காகச் சொல்கிறான் என்பதை இன்னும் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.