வாடகையே இஎம்ஐ கட்டிவிடுமா?

கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் "வாடகைப் பணமே இஎம்ஐயைக் கட்டிவிடும்" என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் சிரிப்புதான் வந்தது. சென்னை மேடவாக்கத்தில் 60 லட்சத்துக்கு ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன், வாடகை 17,000. கடன் 48 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 41,600க்கு மேல். மீதி 24,600 என் சம்பளத்திலிருந்துதான் போகிறது. பத்திரச் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

இதுவும் ஆள் குடியிருக்கும் மாதங்களின் கணக்குதான். போன வருடம் இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனதும் பெயின்ட், பாத்ரூம் கசிவு, ஒரு ஆணியும் பிடுங்காத புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்று போய், வீடு இரண்டு மாதம் பூட்டியே கிடந்து, அந்த இரண்டு மாத மெயின்டனன்ஸும் என் தலையில்.

அப்புறம் குடிவருபவரிடம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பற்றி. 2019இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். நிறையப் பேர் இன்னும் பதிவு செய்யாத 11 மாத அக்ரிமென்டைக் கையில் வைத்துக்கொண்டு சரி, போதும் என்றிருக்கிறார்கள்.

வாங்கியதற்கு வருத்தப்படுகிறேனா? இல்லை, இடத்தின் விலை ஏறும் என்றுதான் வாங்கினேன். வாடகையை நம்பி வாங்கவில்லை.