காய்ச்சலைத் தேடி வயல் வரை போக வேண்டும்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு நோய்ப்பரவலை ஆராயும் பயிற்சி தேவை என்று ஒரு கட்டுரை சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விடயம் இல்லை. 2024 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த காய்ச்சலில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் அடுத்தடுத்து ஆக்கள் இறந்தபோது, முதலில் அது என்ன காய்ச்சல் என்றே தெரியவில்லை. மாதிரிகள் கொழும்புக்குப் போன பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கினால், காலிலுள்ள புண் வழியாகவும் தொற்றும் நோய் இது.

பரிசோதனை முடிவு வரும்வரை கையில் இருப்பது கேள்விகள்தான். யார் வயலில் இறங்கினார்? காலில் புண் இருந்ததா? எத்தனை நாளுக்கு முன்? எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்க் காய்ச்சலாக வெளிவர 2 நாளும் ஆகலாம், 4 வாரமும் ஆகலாம். நேற்றைய கதையை மட்டும் கேட்டால் பிடிபடாது. அதே ஊரில் காய்ச்சல் வராதவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

வயிற்றோட்டம் என்றால் கிணற்றடிக்குப் போக வேண்டும். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம், மலக்குழிக் கசிவு சுலபமாகக் கிணற்றை எட்டிவிடும்.

சரி, ஒரு வேண்டுகோள். பயிற்சியை மாரி தொடங்கமுன் இங்கேயே, தமிழில் வையுங்கள். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் காய்ச்சலோடு படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.