ஆள் அசைய மாட்டான் என்று பாராட்டாதீர்கள்

கல்யாண வீடோ சடங்கு வீடோ, நம்ம திருநெல்வேலி பக்கம் பந்தலுக்குப் பின்னால் ஒரு கூட்டம் தனியாக நிற்கும். அதில் ஒருத்தனைக் காட்டி, "எவ்ளோ போட்டாலும் ஆளு அசைய மாட்டாம்லே" என்பார்கள். ரோட்டில் விழுந்து கிடக்கிறவன்தான் குடிகாரனாம், இவன் கெட்டிக்காரனாம். இந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முன்பு ஒரு கட்டிங்கில் கிறுகிறுத்த பையனுக்கு இப்போது ரெண்டு குவார்ட்டர் உள்ளே போயும் ஏறவில்லை என்றால் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். அடிமையாகிவிட்டானா என்று டாக்டர்கள் பார்க்கிற அறிகுறிகளில் இதுவும் ஒன்று.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பையன். 26 வயசு. வேலைக்கு ஒழுங்காகப் போவான், ஒருநாளும் தள்ளாடிப் பார்த்ததில்லை. சுடலை கோயில் கொடைக்குக் கால்நாட்டிய அன்றே விரதம் என்று ஒரே அடியாக நிறுத்தினான். எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. மூன்றாம் நாள் ராத்திரி உறக்கமே இல்லை. ஒன்றுமில்லாத சுவரைக் காட்டி "எறும்பா ஊருது மைனி, தட்டி விடுங்க" என்று விரலால் நுள்ளி நுள்ளி எடுத்தான். சட்டையெல்லாம் வியர்வை. பெரியவர்கள் "மாடன் இறங்கியிருக்காரு" என்று திருநீறு போட்டார்கள். நல்லவேளை, அவன் மைனி யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்தார்.

சாராயம் மூளையை அமுக்கும். தினமும் அமுக்கினால் மூளை அதை எதிர்த்து மறுபக்கம் இழுக்கப் பழகும். கயிறு இழுக்கிற போட்டியில் ஒரு பக்கம் திடீரென்று கையை விட்டால் என்ன ஆகும்? அதுதான் நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு. வலிப்பு பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள் வரும். இல்லாதது கண்ணில் தெரிவதும் ஆள் நிலை தடுமாறுவதும் ரெண்டாம், மூன்றாம், நான்காம் நாளில். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

விரதத்தையோ, குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டுவதையோ நான் கேலி செய்யவில்லை. அதனால் விட்டவர்களும் உண்டு. ஆனால் தினசரி குடிக்கிறவன் கயிறு கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமினும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயங்கினால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். 2003இல் அரசே சில்லறைக் கடை திறந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் கடையை மட்டும் திட்டி என்ன செய்ய? நான் பார்த்தவரை முதல் கட்டிங்கை ஊற்றிக் கொடுக்கிறது அத்தானோ சித்தப்பாவோதான், "ஆம்பளப் பய, சும்மா குடிடே" என்று. 1997இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன்னால் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் பின்னால் அடிமையாகியிருந்தார்கள்; 20க்கு மேல் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொட்டதுதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. வீடு, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான். இருந்தாலும் அந்த அத்தான்மார் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பையன் இப்போது மாத்திரையில் இருக்கிறான். நடுவில் ஒரு தடவை சறுக்கினான், திரும்பவும் போனான். சுகர்காரர் ஒரு நாள் அல்வா தின்றுவிட்டால் வைத்தியத்தையே நிறுத்துகிறோமா? அவன் அம்மாவின் கவலை வேறு. "மனநலம்னு சீட்டுல போட்டிருக்காவளே, நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்கிறார். ஒன்பது வருஷம் அவன் குடித்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ரெண்டு இடத்தில் ஜாதகம்கூடப் பொருந்தி வந்தது.