62 பேருக்கும் வேலை இருக்கிறது

போன வாரம் என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆண்டு விழா பற்றிப் பேச்சு வந்ததும் ஒருவர் எழுந்தார். இந்த முறை வெளியிலிருந்து நடனப் பயிற்சியாளரை வரவழைக்கலாம், நன்றாக ஆடக்கூடிய 15 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால் போதும், நிகழ்ச்சி தரமாக இருக்கும் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். ஆனால் கோபத்தில் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டேன். விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அது மிகச் சிறிய பள்ளி. மொத்தம் 62 பிள்ளைகள், ஐந்து வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் நடக்கும். ஒரு பக்கம் எழுத்துப் பயிற்சி, மறுபக்கம் கழித்தல் கணக்கு. இதில் 15 பேரைப் பொறுக்கி எடுத்தால் மீதி 47 பேர் என்ன செய்வார்கள்? கைதட்டுவார்கள். சொந்தப் பள்ளியின் விழாவில் விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருப்பார்கள்.

சென்ற ஆண்டு விழாவில் காட்டைப் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். எழுதியவர் தலைமை ஆசிரியை. சிங்கம், முயல், வேடன் போக மற்ற எல்லோரும் மரங்கள். ஏழாவது மரம் தும்மியது. சிங்கம் வசனத்தை மறந்துவிட, முயல் அதைக் காதில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு அதே வசனத்துக்குப் பயந்து ஓடியது. நாடகம் முடிந்து திரை மூடும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. திரை இழுக்கும் பொறுப்பு நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. மேடையில் நான்கு வரி பேசச் சொன்னபோது முடியவே முடியாது என்று அடம்பிடித்ததால் அவனுக்குக் கயிற்றைக் கொடுத்திருந்தார்கள். அவன் தவழ்ந்துபோய்த் துணியின் ஓரத்தைப் பிடித்து, மறுகோடிவரை தவழ்ந்தே இழுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைய விழாவில் அதிகக் கைதட்டல் வாங்கிய காட்சி அதுதான். இதைத்தான் 'தரம் போதாது' என்று கூட்டத்தில் சொல்கிறார்கள்.

சின்னப் பள்ளியில் ஆள் பற்றாக்குறைதான் பெரிய சொத்து என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கன்சாஸ் மாநில உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகச் சிறிய பள்ளியில் 35 மாணவர்கள், மிகப் பெரியதில் 2,287 பேர். ஏறக்குறைய 65 மடங்கு. ஆனால் வகுப்பு, விளையாட்டு, நாடகம், கூட்டம் என்று மாணவர்கள் சேர்ந்து இயங்கும் களங்களை எண்ணிப் பார்த்தால், பெரிய பள்ளியில் இருந்தவை எட்டு மடங்குதான். கூட்டம் பெருகிய அளவுக்கு வேலை பெருகவில்லை. அதனால் பெரிய பள்ளியில் பலர் பார்வையாளர்கள் ஆனார்கள். சிறிய பள்ளியில் பொறுப்புகள் ஒவ்வொருவரையும் தேடி வந்தன. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக்கூட, நாம் வராவிட்டால் காரியம் நடக்காது என்ற எண்ணம் சிறிய பள்ளிகளில் மற்றவர்களைப் போலவே இருந்தது. அவர்கள் ஆராய்ந்தது பெரிய பிள்ளைகளை, உண்மைதான். ஆனால் திரையை இழுக்க ஒருவர் வேண்டும் என்பது எந்த வயதுக்கும் பொதுவான கணக்கு.

விளையாட்டு விழாவிலும் இதே சிக்கல் இருந்தது, அதை ஆசிரியர்களே தீர்த்துவிட்டார்கள். ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் வருவார் என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரில் தினமும் ஓடிப் பிடித்து விளையாடுகிறவர்கள்தானே. அதனால் இப்போது ஐந்து வகுப்புகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரிக்கிறார்கள். தொடர் ஓட்டத்தில் ஒவ்வொரு அணியிலும் ஒரு ஆறு வயதுக் குழந்தையும் ஓடியாக வேண்டும். தன் அணியின் பொடியன் கட்டையை வாங்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிவிடக் கூடாதே என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரம் இடைவேளையைத் தியாகம் செய்து பயிற்சி கொடுத்தாள். போட்டியன்று அவன் சரியான திசையில்தான் ஓடினான். கட்டையை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

மரக்கன்று நடும் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டுதோறும் அதே குழியில் நடுகிறோம். விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. சுற்றுலா, ஓவியக் கண்காட்சி எல்லாம் எல்லாப் பள்ளிகளையும் போலத்தான்.

சிறிய பள்ளி என்றால் எல்லாம் இனிமை என்று நான் சொல்ல வரவில்லை. வேலை என்று வரும்போது அதே நான்கு பெற்றோர்தான் வருகிறார்கள், அதில் மூன்று பேர் அம்மாக்கள். இரண்டு வகுப்புகளை ஒரே நேரத்தில் நடத்தும் ஆசிரியர் ஒத்திகையையும் பார்த்து, நாற்காலியையும் அடுக்கி, இரவு வீட்டில் விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது. பயிற்சியாளரை அழைக்கலாம் என்றவருடைய பேச்சில் எனக்குப் பட்ட ஒரே நியாயம் இதுதான். ஆசிரியர்களின் பாரம் குறையும். ஆனால் பாரத்தைக் குறைக்க நாற்காலியை நாம் போய் அடுக்கலாமே! இன்னொன்று, ஒன்றாம் வகுப்பில் 'சண்டைக்காரன்' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதில் இந்தத் துன்பமும் உண்டு. பழைய பெயரை அழிக்க அவனுக்குப் புதிய வேலை ஒன்றைக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கூட்டத்தில் ஒருமுறைகூட யாரும் பிள்ளைகளைக் கேட்கலாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் சொல்லிவிட்டு, கலையிலும் பண்பாட்டு வாழ்விலும் பங்கேற்கும் உரிமையைச் சொல்கிறது. பங்கேற்பது வேறு, முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது வேறு. இதை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினால் என்னை வம்புக்காரன் என்பார்கள். சொல்லட்டும்.

முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் இந்தப் பேச்சு மறுபடி வரும். அதற்குள் திரைக் கயிற்றை மாற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். எந்த மாதிரிக் கயிறு வாங்குவது என்று அந்தப் பையனைத்தான் கேட்டேன். இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான். கொஞ்சம் தடித்த கயிறாக வாங்கச் சொன்னான். அடுத்த ஆண்டு அவன் இங்கே இருக்க மாட்டானாம். வேலையைப் பழக்கிக்கொண்டிருக்கும் மூன்றாம் வகுப்புப் பெண்ணின் கை சின்னதாம், மெல்லிய கயிறு அறுத்துவிடுமாம்.